படத்தில் இருந்தவள்

மனிதர்கள் எதற்காக ஓடியாடி உழைக்கிறார்கள் என்பதைப் பாளையங்கோட்டையில் இரண்டு வருஷம் படித்து, முதல் வகுப்பில் தேறியவள் சித்ரலேகா. பசி அடங்கினால் பாதுகாப்பு, அது கிடைத்தால் உறவு, அப்புறம் மதிப்பு என்று ஓர் அறிஞர் படிப்படியாகக் கட்டி வைத்திருந்தார். இன்னொருவர் அவ்வளவு சிரமப்படவில்லை. முந்தும் ஆசை, ஒட்டும் ஆசை, ஆளும் ஆசை என்று உலகத்தையே மூன்று கூறாக்கிவிட்டுப் போய்விட்டார். கங்கைகொண்டானில் கார்களுக்கு வயர் பின்னும் கம்பெனி ஒன்று, இந்த மூன்றை அளந்து சொல்லத்தான் அவளுக்குச் சம்பளம் தந்தது. வேலை கேட்டு வருகிறவர்களிடம் ஒரு படத்தைக் காட்டிக் கதை சொல்லச் சொல்ல வேண்டும். கதையில் வருகிறவளின் ஆசைதான் சொல்கிறவளின் ஆசை; அதுதான் பரீட்சையின் சூட்சுமம். சொல்கிறவர்களுக்கு மட்டும் அது தெரியக்கூடாது.

அந்தப் புதன்கிழமை பதினொரு பெண்கள் வந்தார்கள். மலைத் தேயிலைத் தோட்டத்து வேலை நின்றுபோய், வீடுகளைக் காலி செய்துவிட்டுக் கீழே இறங்கியவர்கள். இறங்கி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியும் ஒருத்திக்கும் நிலையான வேலை அமையவில்லை. ஏழாவதாக உள்ளே வந்தவள் முத்துராணி. புருஷன் இல்லை, மகள் நர்சிங் இரண்டாம் வருஷம். இந்த வேலை கிடைக்காவிட்டால் படிப்பு நின்றுவிடும் என்று விண்ணப்பத்திலேயே எழுதியிருந்தாள்.

படத்தில் ஒருத்தி மேசைமேல் குனிந்து ஏதோ செய்துகொண்டிருந்தாள். இன்னொருத்தி சற்றுத் தள்ளி நின்றாள்.

"இதுல என்ன நடக்குன்னு கதையாச் சொல்லுங்க. சரி, தப்புன்னு ஒண்ணும் கிடையாது" என்றாள் சித்ரலேகா. தினமும் சொல்கிற பொய்தான்.

முத்துராணி படத்தைக் கொஞ்சம் எட்டப் பிடித்துப் பார்த்தாள். "குனிஞ்சு நிக்காள்லா, இவ கை வேகக்காரி மேடம். நெனச்சா ஒரு நாளைக்கு அம்பது கிலோ கொழுந்து பறிப்பா. ஆனா எடைக்கு முப்பதுதான் கொண்டு வருவா."

"ஏன்?"

"இவ அம்பது காட்டுனா நாளையிலருந்து எல்லாரும் அம்பது பறிக்கணும்னு சொல்லிருவாங்கல்லா? அங்கன நிக்கவளுக்கு முட்டுவலி. இருபதுக்கு மேல முடியாது. அதான் இவ பத்து கிலோவைப் பைய அவ சாக்குல தள்ளிருதா. எடை போடுத இடத்துல ரெண்டு பேருக்கும் முப்பது."

"சரி, இவளுக்குன்னு என்ன ஆசை?"

"என்ன ஆசை இருக்கப் போவுது? சாயங்காலம் ஒருத்தியும் அழாம வீட்டுக்குப் போனாச் சரி."

எல்லாரும் போன பிறகு சித்ரலேகா முத்துராணியின் கதைக்கு மதிப்பெண் போட்டுப் பார்த்தாள். ஒட்டும் ஆசை நிரம்பி வழிந்தது. முந்தும் ஆசை பூஜ்யம். மற்ற பத்துப் பேருக்கும் ஏறக்குறைய அதே கதிதான். முந்தும் ஆசை இல்லாதவர்களை எடுக்கக்கூடாது என்பது கம்பெனி விதி.

சித்ரலேகாவுக்கு ஆத்திரம் வந்தது. ஐம்பது கிலோ வேகம் உள்ள கைக்குப் பூஜ்யமா? இந்தப் பரீட்சையைக் கண்டுபிடித்த மகராசன் ஒரு நாளாவது கொழுந்து பறித்திருப்பானா? தாளின் பின்பக்கத்தில் மளமளவென்று எழுதினாள். தோட்டத்தில் வேகக்காரிகள் எடையை ஏன் குறைத்துக் காட்டினார்கள், முடியாதவர்களுக்கு எப்படிப் பகிர்ந்து கொடுத்தார்கள், இது சோம்பல் அல்ல, திறமையை மறைக்கும் பெருந்தன்மை, ஆகவே பதினொரு பேரையும் எடுக்கலாம் என்று ஒரு முழுப்பக்கம். எழுதி முடித்து மூன்று தடவை படித்தாள். மேனேஜர் மகேஸ்வரன் அசந்துபோவார் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டாள். அந்தச் சந்தோஷம் முத்துராணிக்காகவா தனக்காகவா என்று அப்போது யோசிக்கவில்லை.

மகேஸ்வரன் அசந்துதான் போனார். "பிரமாதம்மா. நாலு வருசத்துல நீங்க எழுதுனதுலயே இதுதான் உருப்படி" என்றவர், பேனாவை எடுத்துப் பதினொரு பெயரையும் அடித்தார்.

"சார்! என்ன சார் செய்யுதிய?"

"நீங்கதான எழுதியிருக்கிய, சேந்து பேசி வச்சு வேலையைப் பதுக்குதாங்கன்னு? ஒருத்தியை உள்ள விட்டா லைன் முழுக்கப் பழக்கிருவா. நல்லவேளை, சொன்னிய."

"அவ படத்துக்குத்தான சார் கதை சொன்னா?"

"படத்துக் கதைதான் அவங்க கதைன்னு எனக்குக் கிளாஸ் எடுத்ததே நீங்கதானம்மா."

அதற்குமேல் அவள் என்ன வாதாடியும் எடுபடவில்லை. கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, பதினொரு பேருக்கும் "தேர்வாகவில்லை" என்று அவளே செய்தி அனுப்பினாள். அதுவும் அவள் வேலைதான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கம்பெனி வாசல் பஸ் நிறுத்தத்தில் முத்துராணி தனியாக நின்றிருந்தாள்.

"பதினோரு பேர்ல ஒருத்திக்குக்கூடவா இல்ல மேடம்? யாரு என்ன தப்பாச் சொல்லிட்டோம்?"

சித்ரலேகாவால் மழுப்ப முடியவில்லை. பின்பக்கத்தில் எழுதியது, மேனேஜர் அடித்தது, எல்லாவற்றையும் சொன்னாள். முத்துராணி சத்தம் போட்டிருந்தால் தேவலை என்றிருந்தது. அவள் சத்தம் போடவில்லை.

"நான் என்னையப் பத்திச் சொல்லலியே மேடம். படத்துல இருந்தவளப் பத்தித்தான சொன்னேன்."

பஸ் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டே முத்துராணி மேலும் சொன்னாள்.

"இருவது வருசம் ஒருத்திகூட வெளிய வாய் விட்டதில்ல. சூப்பர்வைசருக்கே தெரியாது. இங்கன உக்காரவச்சு, தண்ணி குடுத்து, பிரியமாக் கேட்டிய. சொல்லிட்டேன்."

பஸ் வந்து நின்றது. முத்துராணி ஏறப் போனவள் திரும்பினாள். "அவளுவகிட்ட மட்டும் சொல்லிராதீய. கூட வந்த இசக்கியம்மா முட்டியப் புடிச்சுக்கிட்டு இந்த வேலையத்தான் நம்பி இருந்தா. என் வாயாலதான் போச்சுன்னு தெரிஞ்சா என் மொகத்துல முழிக்க மாட்டா."

"சொல்ல மாட்டேன்க்கா."

சொன்ன உடனே சித்ரலேகாவின் நெஞ்சு லேசானது. முத்துராணி வாயைத் திறக்காதவரை, அந்தப் பின்பக்கத்தை எழுதியது யார் என்றும் அவர்களுக்குத் தெரியப்போவதில்லை. அந்த நிம்மதியை உணர்ந்தபோது தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. முத்துராணி அவள் கையை இறுகப் பிடித்து, "ரொம்ப நன்றி மேடம்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாள்.