கண்ணுபடாத பயோடேட்டா

"நூத்திப்பத்து மெஷின் வித்திருக்கீக. அதைத்தான் மொதல்ல போடணும்" என்றேன்.

என் வீட்டுக்காரர் மதன்குமார் திருச்சுழி ஜெராக்ஸ் கடையின் பிளாஸ்டிக் சேரில் நுனியில் உட்கார்ந்திருந்தார். "ஏதோ வித்துச்சுன்னு போடு" என்றார்.

பயோடேட்டாவில் ஏதோ வித்துச்சு என்று போட்டால் எவன் வேலை கொடுப்பான்? இவருடைய ஊரான பரளச்சியில் யாரும் நல்லா இருக்கேன் என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. வீடு கொள்ளாமல் மிளகாய் வந்து குவிந்தாலும் "என்னத்த வெளஞ்சுச்சு, வண்டிக்கூலிக்குக் காணாது" என்பார்கள். நல்லதைச் சொன்னால் கண் பட்டுவிடுமாம். கல்யாணமாகி அருப்புக்கோட்டையிலிருந்து வந்த புதிதில் இதையெல்லாம் நிஜமென்று நம்பி, இப்படிப்பட்ட வீட்டில் கொடுத்துவிட்டார்களே என்று அழுதிருக்கிறேன்.

டவுனில் இவர் வேலை பார்த்த, மருந்தடிக்கிற மெஷின் விற்கும் கடையை முதலாளி மூடிவிட்டார். இப்போது ஒரு கோயம்புத்தூர் மோட்டார் கம்பெனியில் எங்கள் பக்கத்துச் சேல்ஸுக்கு ஆள் எடுக்கிறார்கள். அது கிடைக்காவிட்டால் திருப்பூர்தான். அவர் அங்கே, நானும் பாப்பாவும் இங்கே. எனக்கு அது பிடிக்கவில்லை. அதனால் நானே டைப் அடித்தேன். எத்தனை மெஷின், எந்தெந்த ஊர், வாங்கியவர்கள் வேறு யாரைக் கூட்டி வந்தார்கள் என்று எல்லாவற்றையும் மேலேயே போட்டேன். யாரோ திட்டுவதுபோல அவர் தலையைக் குனிந்துகொண்டார். விசாரிப்பதற்கு ஒருத்தர் நம்பர் வேண்டும். தவசி மாமா நம்பரைக் கொடுத்தேன். இவரிடம் மெஷின் வாங்கி, இன்னும் நாலு பேரை வாங்க வைத்தவர் அவர்.

இன்டர்வியூவுக்குப் போனவரை எதிர்பார்த்து, பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு சாயங்காலம் பரளச்சி பஸ் ஸ்டாப்பில் நின்றேன். தவசி மாமா டீக்கடையிலிருந்து எழுந்து வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"கம்பெனில இருந்து போன் பண்ணாக தாயி. மெஷின் எப்படி, பய எப்படின்னு கேட்டாக."

"என்ன மாமா சொன்னீக?"

"மெஷினு ஏதோ ஓடுது, பயலும் ஏதோ இருக்கான்னேன். அசலூர்க்காரக் குரலா இருந்துச்சு. ஆகா ஓகோன்னு சொல்லி, பயலுக்குக் கண்ணு பட்டுப்போச்சுன்னா?"

நல்லது நினைத்தே குடியைக் கெடுத்துவிட்டார் மனுசர். திட்டலாம் என்று வாயைத் திறந்தேன், அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் பாப்பாவை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டேன். கோயம்புத்தூர்க்கார மேனேஜருக்கு எங்கள் ஊர் 'ஏதோ'வை யார் போய் விளக்குவது?

பஸ் வந்தது. இறங்கியவரிடம் மாமா கேட்டார். "என்னப்பா சொன்னாக?"

"ஏதோ, பாப்போம்னாக மாமா."

மாமா திருப்தியாகத் தலையாட்டிவிட்டு டீக்கடைக்குத் திரும்பினார். வேலை கிடைத்திருந்தாலும் இவர் இதைத்தான் சொல்லுவார், கிடைக்காவிட்டாலும் இதைத்தான் சொல்லுவார். முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை.

"எங்கிட்டயாவது சொல்லுங்க" என்றேன்.

பாப்பாவை வாங்கிக்கொண்டார். அவள் கன்னத்துத் திருஷ்டிப் பொட்டு வேர்வையில் கலைந்திருந்தது. ஸ்டாப்பில் யாரும் பார்க்கிறார்களா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு என் கண்ணோரத்து மையை விரலால் தொட்டு எடுத்து, அவள் கன்னத்தில் முன்னைவிடப் பெரிதாக ஒரு பொட்டு வைத்தார்.