தரை விலகிய நாள்

கிரேன் ஓட்டுநர் புதுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தன் பூட்ஸைக் குனிந்து பார்த்ததும், தரை விழுந்துவிட்டது. அவர் விழவில்லை, தரைதான் விழுந்தது.

சின்ன வயதிலிருந்தே அவருக்கு மாறுகண். கண் இரண்டும் ஆளுக்கொரு திசை பார்த்ததால், இரண்டு படங்களையும் சேர்த்து ஆழம் காட்டும் வேலையை மூளை எப்போதோ கைகழுவியிருந்தது. உலகம் அவருக்குச் சுவரில் மாட்டிய காலண்டர். உச்சிக் கூண்டில் உட்கார்ந்து காலடிக் கண்ணாடி வழியே பார்த்தால், ஆட்களெல்லாம் பூட்ஸ் நுனியில் ஒட்டிய எறும்புகள். சரக்கும் அதன் நிழலும் ஒட்டிக்கொண்டால் இறங்கிவிட்டது என்று அர்த்தம். இந்த லட்சணத்தில் அவருக்குப் பயமே தெரியாதவர் என்று பெயர் வேறு. ஸ்டூல் மேல் ஏறினாலே கால் நடுங்கும் மச்சினனை, சாப்பாட்டு மேசையில் கறிவேப்பிலையாக வறுத்தெடுப்பார்.

தீராத தலைவலிக்குக் கண் டாக்டர் பயிற்சிகள் சொல்லிக் கொடுத்து, ஒரு தடித்த கண்ணாடியும் தந்தார். "வீட்டுல போட்டுப் பழகுங்க. வேலைக்கு வேணாம்." இவரோ வேலையில், அதுவும் மேலே ஏறி, சரக்கைத் தூக்கிய பிறகு மாட்டினார்.

முதலில் லிவர் அவரை நோக்கி நீண்டது. பிறகு முழங்கால். காலடிக் கண்ணாடிக்கு அப்பால் காற்று, அந்தக் காற்றுக்கு அப்பால் இன்னும் காற்று. தரை போய்க்கொண்டே இருந்தது. கொக்கியில் கம்பிக் கட்டு தொங்க, அதற்கு நேர் கீழே, அதே தளத்தில் சைகை காட்டும் வேலை பார்க்கும் மச்சினன், கொடியோடு. லிவரை அப்படியே நிறுத்தினார்.

வாக்கி டாக்கி கரகரத்தது. "மாமா, தூங்கிட்டீங்களா? இறக்குங்க."

"மாப்ள... கீழ ரொம்பக் கீழ இருக்குடா."

"கீழன்னா கீழதான் இருக்கும். பின்ன மாடியிலயா இருக்கும்?"

"நேத்து வரைக்கும் இப்படி இல்லடா. நீ தள்ளிப் போ. எல்லாரையும் தள்ளிப் போகச் சொல்லு."

அந்தக் குரலைக் கேட்டு மச்சினனுக்குக் கேலி வற்றிப்போனது. ஆட்களை விரட்டினான். இவர் ஒரு கண்ணை மூடினார். உலகம் மறுபடி காலண்டரானது. மூச்சைப் பிடித்து இறக்கினார். கம்பி நிழலில் படிந்தது.

ஆனால் ஏணி? எந்தக் கண்ணை மூடினாலும் அங்கே ஆழம் இருப்பது தெரிந்துபோயிற்றே!

"இறங்கி வாங்க மாமா."

"முடியலடா. உங்க அக்காகிட்ட சொல்லிடாத."

"மைக் வெச்சுச் சொல்லுவேன்." கொடிக் கம்பு தரையில் விழும் சத்தம். "அங்கயே இருங்க. நான் வரேன்."

ஏணியில் ஒரு தலை புள்ளியாகப் புறப்பட்டது. கொஞ்சம் கொஞ்சமாக அதற்குத் தோள் முளைத்தது, மூக்கு முளைத்தது. படிக்கொரு வசவாக, மாமாவின் பரம்பரையையே திட்டிக்கொண்டு வந்தது. கூண்டு வாசலுக்கு வந்தபோதுதான் பார்த்தார்: மச்சினன் இரண்டு கண்களையும் இறுக மூடியிருந்தான். ஒரு கை ஏணிக் கம்பியைக் கட்டிக்கொண்டிருக்க, மற்றொரு கை அவரைத் தேடித் துழாவியது.

விரல்களுக்கும் அவர் முழங்காலுக்கும் நடுவே ஒரு சாண் வெறுங்காற்று. பிடிக்க மறந்து, இரண்டு கண்களையும் அகலத் திறந்து, வாய் பிளந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.