பதினைந்தரை அங்குலம்

சர்ச்சிலிருந்து வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் கணினியைத் திறந்த வெண்டல், அந்த ஒற்றை வரியை இரண்டு தரம் படித்தார். மூன்று மாதம் கராஜே கதியென்று கிடந்து தன் கையால் செய்த ரைபிளின் படத்தை, பெருமை தாங்காமல், அவரைப்போல வீட்டில் துப்பாக்கி செய்கிறவர்கள் கூடும் இணையக் குழுவில் முந்தின நாள்தான் போட்டிருந்தார். பாராட்டுகளுக்கு நடுவே ஒருவன் கேட்டிருந்தான்: குழல் நுனியில் இருக்கும் பூண் வெல்டிங் வைத்ததா, வெறுமனே திருகியதா?

வெறுமனே திருகியதுதான். அமெரிக்காவில், அவர் இருக்கும் மிசௌரி மாநிலத்தில், ஒருவன் தன் உபயோகத்துக்குத் துப்பாக்கி செய்துகொண்டால் ஏனென்று கேட்பாரில்லை. ஆனால் ரைபிள் குழல் பதினாறு அங்குலத்துக்குக் குறையக்கூடாது. குறைய வேண்டுமென்றால் மத்திய அரசிடம் முன்னாலேயே அனுமதி வாங்க வேண்டும். இல்லாவிட்டால் பத்து வருஷம் வரை உள்ளே. வெண்டல் அளந்துதான் வெட்டினார், பூணையும் சேர்த்து. கழற்ற முடிகிற பூண் கணக்கில் வராது என்பதை எத்தனையோ பேருக்கு அவரே எடுத்துச் சொல்லியிருக்கிறார், அந்த மகானுபாவர். கராஜுக்கு ஓடிப் பூணைக் கழற்றி, துடைக்கும் கம்பியை உள்ளே விட்டு அளந்தார். பதினைந்தரை. மறுபடி அளந்தார். அளக்க அளக்க வளர அது என்ன பூசணிக்கொடியா?

இருபத்திரண்டு வருஷமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். வழக்கு என்று வந்துவிட்டால் நாளைக்கே சாவியைப் பிடுங்கிக்கொள்வார்கள். பூணைத் திரும்ப மாட்டிவிட்டு மனைவி லோர்னாவிடம் போய்ச் சொன்னார். அடுப்பிலிருந்து பன்றித்தொடையை எடுத்துக்கொண்டிருந்த அவள் அதை மேடையில் வைத்தாள். வக்கீலைக் கேட்கலாமே என்றாள்.

"கேட்டா, செஞ்சுட்டேன்னு நானே வாயத் தொறந்த மாதிரி ஆயிடாதா?"

"அப்ப போய் அந்தக் குழலயே கழட்டிப் போடுங்க. கர்ட்ட வேற சாப்பிடக் கூப்பிட்டிருக்கேன். உங்க துப்பாக்கியப் பாக்கணும்னுதான் வர்றான்."

கர்ட் அவளுடைய தம்பி. ஷெரீப் அலுவலகத்தில் போலீஸ் வேலை.

வெண்டல் ஸ்பேனரைத் தேடி எடுப்பதற்குள் கர்ட்டின் வண்டி திறந்திருந்த கராஜ் வாசலில் வந்து நின்றது. வந்தவன் நேராக ரைபிளைக் கையில் எடுத்தான், காலி என்று பார்த்துக்கொண்டான், தோளில் வைத்துப் பார்த்தான்.

"கைக்கு அடக்கமா இருக்கே மச்சான். குழல் எவ்வளவு?"

"பதினாறே கால்." பொய் தானாக வந்துவிட்டது. சொன்ன பிறகுதான், சொன்னது ஒரு போலீஸ்காரனிடம் என்று உறைத்தது.

கர்ட்டின் விரல்கள் நுனியைத் தடவின. பூண் சற்றுச் சுழன்றது. அவன் வெண்டலின் முகத்தைப் பார்த்தான். வழக்கத்தைவிடக் கொஞ்ச நேரம் கூடவே பார்த்தது போலிருந்தது.

"இது லூசா இருக்கு மச்சான்" என்று சொல்லி, தானே இறுக்கினான்.

அவனுக்குத் தெரிந்துவிட்டதா, தெரியவில்லையா? கேட்கவும் முடியாது, கேட்காமல் இருக்கவும் முடியாது. உள்ளேயிருந்து லோர்னா சாப்பாடு ஆறுகிறது என்று குரல் கொடுத்தாள். கர்ட் ரைபிளை மேஜையில் வெளிச்சம் படும்படி வைத்து, கைபேசியை எடுத்தான்.

"ஆபீஸ்ல எங்க ஆளுங்களுக்குக் காட்டணும்" என்றான்.

வெண்டல் கையை நீட்டினார். அதற்குள் அவன் படமெடுத்து, குனிந்து, கட்டைவிரலால் எதையோ தட்டிக்கொண்டிருந்தான்.