கடலடியில் கிடந்த கப்பல்

போன வருஷம், பிள்ளைகள் வேஷம் போட்டு வீடு வீடாக மிட்டாய் வாங்கப் போகும் ஹாலோவீனுக்கு, என் மகள் ரோவெனாவின் சக்கர நாற்காலியைச் சுற்றி பிளைவுட்டில் ஒரு பேய்க்கோட்டை கட்டினேன். என்ன கனம்! அவளால் ஓர் அடிகூட உருட்ட முடியவில்லை. தெரு முழுக்க நான்தான் தள்ளினேன். மிட்டாய் கொடுத்தவர்கள் எல்லாரும் அவள் தலைக்கு மேலே என்னைப் பார்த்து, "பாப்பா என்ன வேஷம்?" என்று கேட்டார்கள். வீட்டுக்கு வந்து அவள் மிட்டாய்ப் பையைத் திறக்கக்கூட இல்லை.

"அடுத்த வருஷம் நானே போவேன். இல்லன்னா போகவே மாட்டேன்."

ஒன்பது வயதுக்கு என்ன ரோஷம்! என் பெண்தானே.

அதனால் இந்த முறை ஃபோம் பலகை. குளிர் வராமல் சுவருக்குள் வைப்பார்களே, அந்த இளஞ்சிவப்புப் பலகைதான். ஒரு விரலால் தூக்கலாம். ரொட்டிக் கத்தியால் அறுத்து ஒட்டி, அவள் நாற்காலியைச் சுற்றி மாட்ட, கராஜில் ஒரு பேய்க்கப்பலைச் செய்து முடித்தேன். எங்கள் ஊரில் ஆறிலிருந்து எட்டு மணி வரைதான் பிள்ளைகள் வீடு வீடாகப் போவார்கள். ஹாலோவீன் அன்று கப்பலை முடித்தபோது மணி நாலு. கறுப்பு ஸ்பிரே பெயிண்ட் டப்பாவைக் குலுக்கினேன்.

"வெர்னன், முதல்ல சுவத்துக்கு அடிக்கிற பெயிண்ட ஒரு கோட் பூசு. டப்பாவுல என்ன போட்டிருக்குன்னு படிச்சியா?" என்றாள் என் மனைவி டார்லா.

"இருபது வருஷமா பெயிண்ட் அடிக்கிறேன். எனக்கே சொல்றியா?"

"பிளைவுட்டுக்கு அடிச்ச. இது பிளைவுட்டா?"

கேட்டேனா? அடித்தேன். ஸ்பிரேயிலிருந்த ரசாயனம் பட்டு, கப்பலின் ஒரு பக்கம் முழுக்கக் கரைந்து குழிகுழியாக உள்ளே இறங்கியது. வேறு பலகை வாங்கி அறுக்க நேரமில்லை.

பெயிண்ட் காய்ந்த நேரத்தில் ரோவெனா நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தாள். நான் கப்பலை மறைத்துக்கொண்டு நின்றேன்.

"தள்ளி நில்லுப்பா."

"பாழாக்கிட்டேன் கண்ணு. எல்லாம் என் தப்புதான்."

அவள் ஒரு குழிக்குள் விரலை விட்டுப் பார்த்தாள்.

"பாழா? நூறு வருஷம் கடலுக்கடியில கெடந்த கப்பல் பின்ன எப்படிப்பா இருக்கும்? அந்தப் பக்கம்தான் கடையில வாங்கின மாதிரி இருக்கு. அங்கயும் அடி!"

டார்லா சிரித்துவிட்டாள். "படிக்காதவன் பொழைச்சான் போ!"

அந்தப் பக்கமும் அடித்து, கப்பலை அவள் நாற்காலியில் மாட்டி, ஆறு மணிக்குக் கிளம்பினோம். தெருவில் எல்லாரும் வீட்டு முன்னால் வண்டி நிறுத்துமிடத்தில் நாற்காலி போட்டு, மிட்டாய்ச் சட்டியோடு உட்கார்ந்திருந்தார்கள். பழக்கத்தில் என் கை ரோவெனாவின் நாற்காலிப் பிடிக்குப் போனது.

"கைய எடுப்பா."

எடுத்தேன். அவள் உருட்டினாள். கப்பல் லேசாக நகர்ந்தது. நான் சாலையோரத்திலேயே நின்றுவிட்டேன். எதிர்வீட்டு மில்ட்ரட் வழக்கம்போல அவள் தலைக்கு மேலே பார்த்தாள். அங்கே யாருமில்லை. பிறகுதான் குனிந்தாள்.

"அடி ஆத்தி! யாரு நீ? எந்தக் கடல்லேருந்து வர்ற?"

"கேப்டன் ரோவெனா. மிட்டாய் தின்னு நூறு வருஷமாச்சு. ரெண்டா குடுங்க."