அண்ணி தூக்கிப்போட்ட தம்பி

2013ஆம் ஆண்டு நவம்பர் மாதம் இரண்டாவது வியாழக்கிழமை மாலை, டயர் கடையின் மாடியில் இருந்த ஜூடோ பயிற்சிக்கூடத்தில், அண்ணி தூக்கிப்போட்ட கொழுந்தன் கீழே வந்து விழவில்லை. வீச்சில் பிழை எதுவும் இல்லை. இடுப்பில் ஏற்றிச் சுழற்றினாள், அவன் கால்கள் மேலே போயின, தலை கீழே வந்தது. அந்த நேரம் பார்த்துச் சுவரோரப் பெஞ்சில் இருந்த அவளுடைய பைக்குள் போன் அடித்தது. ஜூடோவில் தூக்கிப்போடுகிறவர், விழுகிறவரின் சட்டைக்கையைக் கடைசிவரை விடக்கூடாது. அதை லேசாக மேல்நோக்கி இழுத்துப் பிடித்தால்தான் விழுகிறவரின் தலை தரையில் மோதாது. முதல் வகுப்பிலேயே சொல்லித்தருவது இது. அண்ணி விட்டுவிட்டாள். மெத்தையை விட்டு இறங்கும் முன் இருவரும் எதிரெதிரே நின்று குனிந்து வணங்க வேண்டும், அப்போதுதான் அந்தப் பயிற்சி முடிந்ததாகக் கணக்கு. அதையும் செய்யாமல் ஓடிப்போய்ப் போனை எடுத்தாள். கல்யாணமாகி எட்டு வருடம் கழித்துக் கர்ப்பமாகியிருக்கிறாள் என்று மருத்துவமனையிலிருந்து சொன்னார்கள். அவள் அழுது முடித்துத் திரும்பிப் பார்த்தபோது, தலை கீழும் கால் மேலுமாக அவன் டியூப்லைட் உயரத்தில் நின்றுகொண்டிருந்தான்.

“அண்ணி, நல்ல சேதின்னா சந்தோஷம். நான் இன்னும் மேலதான் இருக்கேன்,” என்றான்.

அந்த வெளிநாட்டு ஊருக்கு மூன்று பேராகத்தான் வந்திருந்தார்கள். அண்ணி ஓர் ஆய்வகத்தில் பொய்ப்பற்கள் செய்தாள். அவள் கணவன் லிஃப்ட் பழுதுபார்ப்பவன். கணவனின் தம்பி பஸ் டிப்போவில் மெக்கானிக். நாள் முழுக்கக் குனிந்து பல் செதுக்கிச் செதுக்கி அண்ணியின் கழுத்து இறுகிப்போனதால், அதைத் தளர்த்தவென்று தம்பிதான் அவளை ஜூடோவுக்கு இழுத்து வந்தான். ஓர் ஆண்டுக்குள் அவனையே தூக்கிப்போடும் அளவுக்கு வந்துவிட்டாள். அவன் அவளை ‘அண்ணி’ என்று கூப்பிடுவதையும் அவள் அவனைத் ‘தம்பி’ என்று கூப்பிடுவதையும் கேட்ட பயிற்சிக்கூடத்தார், அவைதான் இருவரின் பெயர்கள் என்று நினைத்து அப்படியே கூப்பிட ஆரம்பித்தார்கள். அது தவறென்று சொல்ல இருவருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் தீயணைப்புத் துறையினர் ஏணியோடு வந்து கயிறு கட்டி இழுத்தார்கள். மாடி உத்தரம் முனகியது, தம்பி அசையவில்லை. கணவன் லிஃப்டுக்கான கப்பியும் எதிர்ப்பாரமும் கொண்டுவந்து ஒரு ஞாயிறு முழுவதும் போராடினான். “ஊர்ல இருக்கிற லிஃப்ட் எல்லாத்தையும் இறக்கறேன், கூடப் பொறந்தவனை இறக்க முடியலையே,” என்று கருவிப்பெட்டியை மூடினான். “கதவைச் சாத்தாம லிஃப்ட் கிளம்பாதுன்னு நீதானே சொல்லுவ. அண்ணி இன்னும் கதவைச் சாத்தல,” என்றான் தம்பி. விஷயம் அவனுக்கு முதல் நாளே தெரிந்திருந்தது. சட்டைக்கையை விட்டவள்தான் வந்து பிடிக்க வேண்டும். ஆனால் வயிற்றில் குழந்தையோடு மெத்தையில் கால் வைக்கவே கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

தம்பி மேலேயே இருந்தான். மற்றத் தேவைகளுக்கு என்ன செய்கிறான் என்று பலரும் கேட்டார்கள். வீச்சு இன்னும் முடியாததால் அவனுக்குப் பசியோ வேறு எதுவுமோ ஏற்படவில்லை. முடி வளரவில்லை, வயதும் கூடவில்லை. பழக்கதோஷத்தால் டீ மட்டும் கேட்பான். ஜன்னல் திறக்கும் நீளக் கொக்கியில் குவளையை மாட்டி உறிஞ்சுகுழலோடு நீட்டுவார்கள். அனுமதிக் காலம் முடிந்தபோது குடியேற்ற அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்து அண்ணாந்து பார்த்தார். கால் தரையில் படாதவரை அவனை நாட்டில் தங்கியிருப்பவனாகக் கொள்ள முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார். மாமியார் வீடியோ அழைப்பில் இளைய மகனைக் கேட்கும்போதெல்லாம் கணவன் போனைத் தலைகீழாகப் பிடித்துக்கொள்வான். படத்தில் மகன் நேராகத் தெரிவான். “முடி ஏன்டா இப்படி நட்டுக்கிட்டு நிக்குது? தலைக்கு எண்ணெய் வெச்சா என்ன குறைஞ்சா போயிடுவ?” என்பதைத் தவிர அவள் எதையும் சந்தேகித்ததில்லை.

டிப்போ வேலை போனாலும் அவன் சும்மா இருக்கவில்லை. கால் வைப்பில் வரும் தவறுகள் மேலிருந்து பார்த்தால்தான் நன்றாகத் தெரியும். இடது குதிகால் தூக்கியிருக்கிறது, இடுப்பு இன்னும் உள்ளே போகவேண்டும் என்று மேலிருந்து சொல்லச் சொல்ல, அந்தக் கூடத்தில் பயின்றவர்கள் போட்டிகளில் பதக்கம் வாங்கத் தொடங்கினார்கள். மற்றப் பயிற்சிக்கூடங்களிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். அப்படி அவன் பார்வையில் வளர்ந்த ஒரு பெண், குதிரைவால் என்று எல்லோரும் கூப்பிடுகிறவள், பிறகு அங்கேயே பயிற்சியாளரானாள்.

அண்ணிக்கு மகள் பிறந்தாள். குழந்தைக்கு ஒரு வயதானதும் அண்ணி ஒருநாள் மாலை வெள்ளைச் சீருடை அணிந்து வந்து மெத்தையின் ஓரத்தில் நின்றாள். ஏறவில்லை. பால் குடிக்கும் பிள்ளை அழும் என்று போய்விட்டாள். அடுத்த வருடம் இரவுப் பணி வந்தது, அதற்கடுத்த வருடம் முதுகுவலி. எல்லாமே உண்மையான காரணங்கள். இன்னொன்றும் இருந்தது, அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. பிடிக்கும்போது மறுபடியும் கை நழுவினால் அவன் தலை குப்புற விழுவான். விழாமல் இருக்கிறவனை விழவைத்துக் கழுத்தை உடைப்பதைவிட, அவன் மேலேயே இருப்பது பரவாயில்லை என்று அவளுக்குப் பட்டது. வாரம் தவறாமல் வந்து பெஞ்சில் உட்கார்ந்து அவனோடு பேசிவிட்டுப் போனாள். யாரும் அவளைக் குறை சொல்லவில்லை. ஆனால் அவள் மெத்தையில் ஏறாத ஒவ்வொரு வருடமும் அவன் கொஞ்சம் கொஞ்சமாக மேலே போனான். கடைசியில் அவன் உள்ளங்கால்கள் தகரக் கூரையில் போய் முட்டிக்கொண்டன. அதற்கு மேல் போக இடமில்லாததால் அங்கேயே நின்றான்.

2025 தொடக்கத்தில் டயர் கடைக்காரர் மாடிக்கு வந்தார். இன்னொரு தளம் கட்டப்போவதாகவும், ஜூன் முடிவில் கூரையைப் பிரிக்கப்போவதாகவும், பயிற்சிக்கூடத்துக்கு அடுத்த தெருவில் இடம் பார்த்திருப்பதாகவும் சொன்னார். நல்ல மனிதர். தம்பியை அண்ணாந்து பார்த்து, “உன்னை என்னப்பா செய்யறது?” என்று கேட்டார். கூரை போய்விட்டால் அவனுக்கு மேலே ஆகாயம் மட்டும்தான் இருந்தது. அன்று முதன்முறையாக அவன் டீ வேண்டாம் என்றான்.

அந்த வாரமே அண்ணி பயிற்சியில் சேர்ந்தாள். பழைய பெல்ட் இடுப்பில் சுற்றவில்லை, அந்தப் பெல்ட்டுக்கான தகுதியும் இப்போது இல்லை என்றாள் குதிரைவால். வெள்ளைப் பெல்ட் கட்டிக்கொண்டு, புதிதாக வந்தவர்களோடு வரிசையில் நின்று, விழக் கற்றுக்கொள்வதிலிருந்து தொடங்கினாள். முகவாயை நெஞ்சில் ஒட்டி, கையால் மெத்தையை அறைந்து விழவேண்டும். முதல் நாள் மூட்டைபோல் விழுந்தாள். “அண்ணி, அரிசி லாரி வந்திருக்கா? இறக்கற சத்தம் கேக்குது,” என்றான் மேலிருந்து. “வாயை மூடுங்க தம்பி. உங்களுக்காகத்தான் இடுப்பை ஒடிச்சுக்கறேன்,” என்றாள். மறுநாள் அவளால் ஆய்வகத்தில் நாற்காலியில் உட்கார முடியவில்லை, நின்றுகொண்டே பல் செதுக்கினாள். ஆனால் மாலையில் குதிரைவால் விளக்கைப் போட்டபோது, தம்பியின் உள்ளங்காலுக்கும் கூரைக்கும் நடுவே ஒரு கை நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தது.

அதன் பிறகு அண்ணியின் பயிற்சி ஊர்க்காரியம் ஆகிவிட்டது. அவள் ஒரு வீச்சைத் திருத்தினால் தம்பி கொஞ்சம் இறங்கினான். வராவிட்டால் ஏறினான். சளி பிடித்து ஒரு வாரம் வீட்டில் படுத்தபோது ஒரு மாத உழைப்பு வீணாகி அவன் பழையபடி டியூப்லைட்டுக்கு மேலே போய்விட்டான். டயர் கடை ஆட்கள் வேலை முடிந்து மாடிக்கு வந்து இன்று எவ்வளவு என்று பார்த்துவிட்டுப் போனார்கள். மகளும் பள்ளி விட்டு வந்து பெஞ்சில் உட்காருவாள். தரையில் நிற்கும் சித்தப்பாவை அவள் பார்த்ததே இல்லை. ஒருநாள், “அந்த போன் என்னைப் பத்தித்தானே வந்துச்சு? அப்ப என்னாலதான் நீங்க மேல இருக்கீங்களா?” என்று கேட்டாள். எல்லோரும் பயிற்சியை நிறுத்திவிட்டார்கள். “உன்னால இல்லடா தங்கம், உங்கம்மா அவசரத்தால. நான் விழுந்து எழுந்திருந்தா அன்னைக்கு ஸ்வீட் வாங்கிட்டு வந்திருப்பேன். அது ஒண்ணுதான் பாக்கி,” என்றான் தம்பி. அவள் ஒத்துக்கொண்டாள். அண்ணி முகம் கழுவப் போய்விட்டு வந்து, அன்று வழக்கத்தைவிட அதிக நேரம் பயின்றாள்.

ஜூனில் அவன் சட்டைக்கை, எக்கினால் எட்டும் உயரத்துக்கு வந்திருந்தது. வேறு யார் பிடித்தாலும் கல்லாய் நின்றது. அண்ணி பிடிக்கவில்லை. சரியான நிலையில் நின்று, கை தானாக வந்து சேரும்போதுதான் பிடிப்பேன் என்றாள். குதிரைவால் அதை ஒத்துக்கொண்டாள், கணவன் ஒத்துக்கொள்ளவில்லை. கூரை பிரிப்பதற்கு முந்தின நாள், வெளியே சாரம் கட்டி முடித்து ஆட்கள் திருகாணிகளைத் தளர்த்திக்கொண்டிருந்தபோது, சட்டைக்கை அவள் தோள் உயரத்தில் தொங்கியது. கூடத்தில் நிற்க இடமில்லை. அண்ணி மெத்தையில் ஏறினாள். “தம்பி, கழுத்து கிழுத்து உடைஞ்சிட்டா?” என்று மெல்லக் கேட்டாள். இத்தனை வருடமாகச் சொல்லாததை அப்போதுதான் சொன்னாள். “பல்லே கட்டறவங்க நீங்க. கழுத்தை ஒட்டவெக்க மாட்டீங்களா?” என்றான். பிறகு குரலை இறக்கி, “பிடிங்க அண்ணி. எனக்கும் பயமாத்தான் இருக்கு,” என்றான்.

அவள் முழங்கால்களை மடக்கி, இடுப்பை உள்ளே கொடுத்து, பழைய வீச்சு நின்ற இடத்தில் நின்று சட்டைக்கையைப் பிடித்தாள். அவன் உடம்புக்குப் பாரம் திரும்பியது. அந்த நேரம் பெஞ்சில் இருந்த பைக்குள் போன் அடித்தது. மகள் பள்ளியிலிருந்து இன்னும் வந்து சேரவில்லை என்பது அண்ணிக்குத் தெரியும். போன் அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது. அவள் கண்கள் பையின் பக்கம் போயின, கை போகவில்லை. தம்பி முழு வட்டமாகச் சுழன்று இறங்கினான், முகவாய் நெஞ்சில் ஒட்டியிருந்தது, இடது கையால் மெத்தையை ஓங்கி அறைந்தான். சத்தத்தில் கீழே டயர் கடையில் அடுக்கியிருந்தவை சரிந்தன. அவன் தலை மெத்தையில் படவில்லை. சட்டைக்கை அவள் பிடியில் இருந்தது. அவனைத் தூக்கி நிறுத்தினாள், இருவரும் எதிரெதிரே நின்று குனிந்து வணங்கினார்கள். அதன் பிறகுதான் அவள் பைக்கு ஓடினாள். ஆய்வகத்திலிருந்து பேசினார்கள். ஒரு கடைவாய்ப் பல்லின் நிறத்தில் சந்தேகமாம். அவள் சொல்லி முடிப்பதற்குள் மகள் படியேறி வந்துவிட்டாள்.

மறுநாள் கூரையைப் பிரித்தார்கள். தம்பி இனிப்பு வாங்கிவந்து மகளிடம் கொடுத்தான். மேலே போனபோது அண்ணியைவிட இரண்டு வயது இளையவனாக இருந்தவன், இப்போது பதின்மூன்று வயது இளையவன். மூன்றாம் நாளே குடியேற்ற அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. கால் தரையில் பட்ட தேதியிலிருந்து கணக்கிட்டுப் புதிய அனுமதி தந்தார்கள். டிப்போவில் மறுபடி வேலை கிடைத்தது. நேராகப் பிடித்த போனில் மாமியார் அவனைப் பார்த்து, இப்போதுதான் ஒழுங்காக எண்ணெய் வைத்திருக்கிறான் என்றாள்.

அடுத்த தெருவில் பயிற்சிக்கூடம் தொடங்கியது. ஆனால் மேலிருந்து கால்களைப் பார்த்துச் சொல்ல ஆளில்லாமல் அந்த ஆண்டுப் போட்டியில் ஒருவரும் பதக்கம் வாங்கவில்லை. குதிரைவால் தயங்கித் தயங்கி வந்து கேட்டாள். தம்பி அண்ணியைப் பார்த்தான். இப்போது போட்டிக்கு முந்தைய வாரங்களில் மட்டும், வேலை முடிந்து வந்ததும் அண்ணி அவனைத் தூக்கிப்போட்டுச் சட்டைக்கையை விட்டுவிடுகிறாள், வகுப்பு முடிந்ததும் பிடித்து இறக்குகிறாள், இருவரும் வணங்கிவிட்டு ஒரே பஸ்ஸில் வீட்டுக்குப் போகிறார்கள். அந்த நேரத்தில் அவளுக்குப் போன் வந்தால் மகள் எடுத்துப் பேசுகிறாள்.