முழங்கால் பட்டையின் இரண்டாம் பூச்சு

எனக்குக் கோபம் வந்தால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டுத்தான் கத்துவேன். கையில் எப்போதும் திரவ உலோகம் இருக்கும், அதனால். காலியமும் இண்டியமும் கலந்தது. பாதரசம் போல ஓடும், ஆனால் அந்த விஷம் கிடையாது. அதை ரப்பர் பட்டைக்குள் கோடு கோடாக ஓடவிட்டு மேலே பூச்சு கொடுத்தால், இழுத்தாலும் மடக்கினாலும் மின்சாரம் அறுந்துபோகாது. முழங்காலில் மாட்டிக்கொண்டால் கால் எவ்வளவு மடங்குகிறது என்று செல்போனில் காட்டும், அதைப் பார்த்து நடைப் பயிற்சி செய்யலாம். மதுரைக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் நாலு வருடமாக எனக்கு இதுதான் ஆராய்ச்சி.

பூச்சு இரண்டு தடவை கொடுக்க வேண்டும். முதல் பூச்சில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிற்கும், இரண்டாவது அவற்றை அடைக்கும். அது காய நாலு மணி நேரம் ஆகும்.

அந்தப் பட்டையை ஒரு வாரம் மாட்டிப் பார்க்க ஒப்புக்கொண்ட ஒரே ஆள் அலங்காநல்லூர் செல்வக்குமார் அண்ணன். மாடு பிடிக்கப் போய்த் தொடையில் குத்து வாங்கியவர். மூன்று வருடமாக அலுமினிய ஊன்றுகோல்தான் அவருக்குத் துணை. "வைகாசியில எங்க கனகலட்சுமிக்குக் கல்யாணம் தங்கச்சி. அண்ணங்காரன் பந்தல்ல நடந்து வரணும்ல" என்றார்.

அவர் வந்த அன்று இரண்டாம் பூச்சுக்கு நேரமில்லை. பதறாத காரியம் சிதறாது என்று எங்கம்மா ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறாள், நான் கேட்டால்தானே. நகத்தால் அழுத்திப் பார்த்தேன், கசியவில்லை. மாட்டி அனுப்பிவிட்டேன்.

இந்த உலோகம் அலுமினியத்தில் பட்டால் உள்ளே புகுந்து அதைப் பிஸ்கட் மாதிரி உதிர வைத்துவிடும். புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடமே அதுதான். யாராவது அலுமினிய டிபன் பாக்ஸோடு லேபுக்குள் வந்தால் நான் போடும் சத்தம் கேன்டீன் வரை கேட்கும். அப்பேர்ப்பட்டவள், அவர் கையிலிருந்த கோலை அன்றைக்குப் பார்க்கவே இல்லை.

எட்டாம் நாள் பட்டையைத் திருப்பித் தர வந்தவர், எங்கள் கட்டிடப் படியில் என் கண்ணெதிரே விழுந்தார். கோல் இரண்டாக முறிந்து கிடந்தது. தன் காளையின் பேரை, சுருளி என்று, ஆணியால் அதில் கீறி வைத்திருந்தார். சரியாக அந்த எழுத்தில்தான் முறிவு. உட்கார்ந்தால் கோலை முழங்காலுக்குக் குறுக்கே வைத்துக்கொள்வது அவர் பழக்கம். பட்டையில் கசிந்தது அந்தக் கீறலுக்குள் இறங்கியிருக்கிறது. பார்த்த நொடியே எனக்குப் புரிந்துவிட்டது.

"மட்டமான கோலா இருக்கும்" என்றார் சத்தம் கேட்டு வந்த எங்கள் பேராசிரியர். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் நாலு வருட உழைப்பு போய்விடும் என்ற பயம். துண்டுகளைப் பொறுக்கிக் குப்பைத்தொட்டியில் போட்டேன். அந்தக் கையை இன்றைக்கும் எனக்குப் பிடிக்கவில்லை.

தரையில் கிடந்தபடியே அண்ணன் கேட்டார். "தங்கச்சி, உன் பட்டைக்கு ஒண்ணும் ஆகலையே?"

இடுப்பெலும்பில் விரிசல், இரண்டு மாதம் எழக்கூடாது என்றார்கள் ஆஸ்பத்திரியில். வைகாசிக்கு ஒரு மாதம்கூட இல்லை.

பதினெட்டு நாள் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். பத்தொன்பதாம் நாள் பஸ் ஏறி அவர் வீட்டுக்குப் போனேன். கட்டிலில் படுத்திருந்தார். பக்கத்தில் கல்யாணப் பத்திரிகைக் கட்டு.

"அண்ணே, கோல் முறிஞ்சது என்னாலதான். பட்டைக்கு இன்னொரு பூச்சு கொடுத்திருக்கணும், கொடுக்கல. உள்ள இருந்த உலோகம் கசிஞ்சு கோலை அரிச்சிருச்சு."



"பட்டையை மாட்டின மறுநாளே வெள்ளி மாதிரி ஒரு பொட்டு கோல்ல ஒட்டியிருந்துச்சும்மா" என்றார் அவர். "வேட்டியில துடைச்சுவிட்டேன். படிச்ச பிள்ளை குடுத்த சாமானை நாமதான் கெடுத்துட்டோமோன்னு கூச்சமாப் போச்சு. அதான் உங்கிட்டச் சொல்லல. ஆமா, இது உனக்கு எப்பத் தெரியும்?"

நேற்றுத்தான் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது.

"நீங்க விழுந்தப்பவே தெரியும்ணே."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "கோலைத் தொழுவத்துல சாத்தி வச்சது எங்கம்மா. மாட்டு மூத்திரம் பட்டு அரிச்சுப்போச்சுன்னு இம்புட்டு நாளா அம்மாவைத்தான் ஏசிக்கிட்டு இருக்கேன். அதுவும் ஆமா ஆமான்னு அழுதுக்கிட்டுக் கெடக்கு. ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல தங்கச்சி."

எனக்குத் தலை நிமிரவில்லை. செத்துப்போகலாம் போல இருந்தது.

அவர் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "யம்மா, இங்க வா. காலேஜுப் பிள்ளை வந்திருக்கு. உங்கிட்ட ஒண்ணு சொல்லணுமாம்."

அன்னக்கொடி அம்மா ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தார். நான் எழுந்து நின்றேன். நான் பேசுவதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"கோலை நாந்தான் தாயி தொழுவத்துல வச்சேன். புத்தி கெட்டவ. என்னால உனக்கும் ஏதும் கெட்ட பேரு வந்திருச்சா?"

அண்ணன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் அந்த அம்மாவின் ஈரக்கையைப் பிடித்துக்கொண்டு முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.