சைவ எஞ்சின்

ஜார்ஜ் சக்கரவர்த்திக்கு டில்லியில் முடிசூட்டிய மறு வருஷம், முக்கூடல் காந்திமதிநாத பிள்ளை வாய் தவறியதால் ஒரு போட் வாங்க வேண்டியதாயிற்று.

மகளின் நிச்சயதாம்பூலத்தன்று சம்பந்தி தாணுமாலையன் பிள்ளை தம் மோட்டார் காரை அக்கரை மருதமரத்தடியில் நிறுத்திவிட்டுத் தோணியில் வந்தார். அவர் பெரிய வக்கீல். அன்றைக்குத் தாம்பூலத் தட்டைப் பார்த்தவர்களைவிட, ஆற்றைக் கடந்து போய்க் காரைத் தொட்டுப் பார்த்தவர்களே அதிகம். வெற்றிலையை மடித்துக்கொண்டே சம்பந்தி, கார் ஆற்றுக்குள் இறங்காதே, கல்யாணத்தன்றைக்கு மாப்பிள்ளையும் இந்த ஓட்டைத் தோணியில்தான் வரவேண்டுமோ என்று கேட்டார். பிள்ளை யோசிக்கவில்லை. யோசிப்பதற்கென்று அவர் வீட்டில் கணக்கப்பிள்ளை ஒருவர் சம்பளத்துக்கு இருந்தார்.

"எஞ்சின் போட் வருது. அதுலதான் மாப்பிள்ளை அழைப்பு" என்று சபையில் சொல்லிவிட்டார்.

சொன்ன பிறகுதான் எஞ்சின் போட் எப்படி இருக்கும் என்று விசாரிக்க ஆரம்பித்தார். தையில் முகூர்த்தம். போட் ஓடாவிட்டால் ஆயுசுக்கும் சம்பந்தி முன்னால் குனிந்துதான் நடக்க வேண்டும்.

தூத்துக்குடிக்குப் போகையில் துணைக்குப் பாளையங்கோட்டை மிஷன் பள்ளிக்கூட வாத்தியார் சுவிசேஷமுத்துவை அழைத்துப் போனார். வாத்தியார் எஞ்சின்களைப் பற்றி இங்கிலீஷில் ஒரு புஸ்தகம் படித்தவர். அதைப் படிக்காதவர்களுக்காகத் தனியே ஜெபம் செய்பவர் போல முகத்தை வைத்துக்கொள்வார்.

பழைய கப்பல் சாமான் வியாபாரி நூர்முகம்மதுவின் கொட்டகையில் இரண்டு போட்டுகள் நின்றன. ஒன்று யாரோ ஒரு துரை உல்லாசமாகச் சுற்றியது. அதன் பித்தளையில் முகம் பார்த்துத் திருநீறு இட்டுக்கொள்ளலாம். மற்றது நங்கூரமிட்ட கப்பல்களுக்கு மூட்டையும் கருவாடும் சுமந்தது. எஞ்சின் அடுப்படிச் சுவர்போல் கறுத்திருந்தது. பிள்ளை பெண் பார்க்க வந்தவரைப் போலத் துரை போட்டையே சுற்றிச் சுற்றி வந்தார். எந்த வீட்டில் இருந்தது, கோபதாபம் உண்டா என்றெல்லாம் விசாரித்தார்.

வாத்தியார் குறுக்கிட்டார். "பிள்ளைவாள், கிளப்பச் சொல்லுததுக்கு முன்னால கையை வச்சுப் பாருங்க. சூடா இருந்தா, நாம வருமுன்னே ஓட்டி வச்சிருக்காகன்னு அர்த்தம். நல்ல எஞ்சின் குளுந்து கிடக்கையிலயே கிளம்பும்."

பிள்ளை கையை நீட்டினார். நீட்டியவர், மேலே மினுமினுப்பது என்னவென்று கேட்டார். எண்ணெயில் மாட்டுக்கொழுப்பைக் கலந்து விடுகிறோம் அண்ணாச்சி, எல்லா எஞ்சினுக்கும் அதுதான் என்றார் நூர்முகம்மது. நீட்டிய கை மேல்துண்டுக்குள் போய்விட்டது.

"நீரே தொடும் வாத்தியாரே. உமக்கு ஒண்ணுமில்ல."

துரை எஞ்சின் கதகதவென்றிருந்தது. வெயில் என்றார் நூர்முகம்மது. கொட்டகைக்குள் வெயில் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. கறுப்பு எஞ்சின் ஐப்பசி மழைத்தண்ணீர்போல் குளிர்ந்திருந்தது. ஒரே சுழற்றில் படபடவென்று கிளம்பியது. வாத்தியார் புஸ்தகமே ஜெயித்ததுபோல் மீசையைத் தடவினார். கறுப்பே முடிவாயிற்று. திருநெல்வேலி வரை ரயிலிலும், அங்கிருந்து மாட்டு வண்டியிலுமாக எஞ்சின் போட் முக்கூடல் வந்து சேர்ந்தது.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் பிள்ளைக்குக் கொழுப்பு உறுத்தியது. சம்பந்தி பூண்டுகூடச் சேர்க்காத சைவர். அவரை அதன்மேல் உட்காரவைத்த சேதி வெளியே வந்தால், போட் ஓடினாலும் மானம் நின்றுவிடும். ஆகவே எஞ்சினைச் சீயக்காய் போட்டுத் துலக்கினார்கள். புரோகிதர் மந்திர தீர்த்தம் தெளித்தார். பிறகு கொழுப்பு இருந்த இடத்திலெல்லாம் சுத்தமான பசுநெய் ஏறியது.

புஸ்தகத்தில் நெய்யைப் பற்றி ஒன்றுமே இல்லை என்றார் வாத்தியார்.

"எழுதினவன் சைவனா இருந்திருக்க மாட்டான்வே" என்றார் பிள்ளை.

முகூர்த்த நாளில் பிள்ளையை ஏற்றிக்கொண்டு போட் அக்கரைக்கு ஒழுங்காகவே போயிற்று. சுக்கான் பிடித்த வாத்தியார் தலையில் தொப்பி வைத்திருந்தார். மாப்பிள்ளையையும் சம்பந்தியையும் ஏற்றிக்கொண்டு திரும்பியபோது இக்கரையில் நாதஸ்வரம் உச்சத்துக்குப் போனது. நடு ஆற்றில் எஞ்சின் ஒரு பெருமூச்சு விட்டது. நெய் புகைந்தது. பந்தியில் வடை போட ஆரம்பித்துவிட்டார்கள் என்று கரையிலிருந்தவர்கள் நினைத்தார்கள். எஞ்சின் நின்றது. வாத்தியார் அதன் உறுப்புகளை ஒவ்வொன்றாக இங்கிலீஷ் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தார். ஒன்றும் ஏனென்று கேட்கவில்லை. போட் பைய மிதந்து போய் மணல்திட்டில் முட்டிக்கொண்டது.

பிள்ளை நிமிரவில்லை. சம்பந்தி குனிந்து, எஞ்சினில் விரலைத் தொட்டு மோந்து பார்த்தார்.

"நெய்யா விட்டீக?"

"பசுநெய் சம்பந்தி. உங்களைக் கொழுப்பு மேல எப்படி உக்கார வைக்க?"

சம்பந்தி கரையை ஒருமுறை பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "நான் காருக்கு நல்லெண்ணெய் விட்டேன். அன்னைக்கு மருதமரம் வரைக்கும் ரெண்டு காளைதான் இழுத்துட்டு வந்துச்சு. உங்க ஆளுக பாக்குமுன்னே அவுத்துத் தோப்புக்குள்ள கட்டச் சொல்லிட்டேன்."

நிச்சயதாம்பூலத்திலிருந்து பிள்ளையின் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த அந்தக் கார் அப்போதுதான் இறங்கியது. கார் நின்றதை ஊரே பார்த்தது. ஓடியதை யார் பார்த்தார்கள்? தலையை நிமிர்த்தி, மிகுந்த மரியாதையோடு கேட்டார்:

"காளை இப்பமும் அங்கனதான் நிக்கோ?"

"நிக்கி. இன்னைக்கும் கார்லதானே வந்தோம்."

இவர்கள் இப்படிக் குசுகுசுத்துக்கொண்டிருக்க, முகூர்த்தத்தை நினைத்த மாப்பிள்ளை பட்டுவேட்டியைத் தூக்கிக்கட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் பாதி தூரம் நடந்துவிட்டார். சம்பந்திகள் கைகோத்துக்கொண்டு பின்னாலேயே இறங்கினார்கள். கரை ஏறியதும் வக்கீல் கோர்ட்டில் பேசும் குரலில், எஞ்சின் அருமையான எஞ்சின், மணல்தான் தட்டிவிட்டது என்று அறிவித்தார். ஊரும் ஒப்புக்கொண்டது.

பிள்ளையின் மனைவி ஆவுடைத்தாய் மட்டும் ஆரத்தித் தட்டோடு அருகில் வந்தவள், புருஷன்மேல் அடித்த வாசனையில் ஒரு கணம் நின்றாள். கல்யாணத்துக்கென்று உருக்கி வைத்த நெய்யில் ஒரு குடத்தைக் காணோம் என்று காலையிலிருந்து அவள் தேடாத இடமில்லை.

"பந்தியில நெய் கேட்டா," என்று பிள்ளைக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள், "எல்லாரையும் ஆத்துக்கு அனுப்புதேன்."